யார் சொன்னது? கம்பம் பள்ளத்தாக்கின் வகுப்பறையும் இணையக் கருவிகளும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடைபெறுகிறது. விலை கூறும் குரல்கள் அடங்கிவிட்டன. வணிகர்கள் அவரவர் இருக்கையில் அமர்ந்து விசையை அழுத்தியே விலையை உயர்த்துகின்றனர். ஆயினும் ஒரு வழக்கம் மாறவில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி வணிகரின் கைக்கு வந்தாக வேண்டும். அதன் நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகே அவர் விசையைத் தொடுவார். கருவி மாறியிருக்கிறது, சரக்கைச் சோதிக்கும் கடமை மாறவில்லை. அதே மாவட்டத்தின் வகுப்பறைகளுக்குள்ளும் கடந்த சில ஆண்டுகளில் திரைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அங்கே சரக்கு அறிவு. அதைச் சோதிக்கும் கடமை யாரிடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

கம்பம் பள்ளத்தாக்கு கல்வியின் அருமையை அறியாத நிலமன்று. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இடையே 1895 முதல் பெரியாற்று அணையின் நீரைப் பெற்றுச் செழித்த வயல்கள் என அமைந்த இப்பகுதியில், முஸ்லிம் பெருமக்கள் கல்விக்கு ஈந்த வரலாறு உண்டு. உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி அதற்குச் சான்றாக நிற்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அமைந்திருப்பதும் அதே ஊரில்தான். மறுபுறம், விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளும் இப்பள்ளத்தாக்கின் பள்ளிகளில்தான் படிக்கின்றனர். இங்கு எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் இவ்விரு வகைக் குடும்பங்களையும் மனத்திற்கொண்டே பேச வேண்டும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இன்று கிடைக்கும் இணையக் கருவிகளை மூவகையாகப் பிரித்துப் பார்க்கலாம். பாடத்தை வழங்குபவை ஒரு வகை. செய்தியைப் பரப்புபவை மற்றொரு வகை. அறிவை ஆக்கத் துணைபுரிபவை மூன்றாவது வகை. முதலிரண்டும் பெருகியுள்ளன. மூன்றாவதைத்தான் நாம் தொட்டுவிட்டு விட்டுவிட்டோம்.

வழங்கும் கருவிகள்

தமிழ்நாட்டில் 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளிவந்தபோது, அவற்றின் பக்கங்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. கைப்பேசியின் கண்ணில் அக்குறியீட்டைக் காட்டினால் 'தீக்ஷா' தளத்திலிருந்து பாடம் தொடர்பான காணொலி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2023இல் 'மணற்கேணி' செயலி வந்தது. இவை யாவும் நன்னோக்கம் கொண்டவை. நல்லாசிரியர் ஒருவரின் விளக்கம் சென்னை மாணவனுக்குக் கிடைப்பதுபோலவே கூடலூர் மாணவனுக்கும் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இக்கருவிகளின் அருமையும் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2021 சனவரியில்தான் மீண்டும் பள்ளிக்கு வந்தனர். கீழ் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தனர். அம்மாதங்களில் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பள்ளியாயின. ஆனால் வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தோட்டத்துக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில் என்றால், அப்பிள்ளையின் வகுப்பு தந்தை திரும்பிய பிறகே தொடங்கும். மலையடிவாரக் குடியிருப்புகளில் அலைவரிசை வரும் இடம் தேடிப் போக வேண்டும். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் வீட்டருகே அனுப்பியது. மனிதர் இல்லாத திரை போதாது என்பதை அரசே உணர்ந்ததன் அடையாளமாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

கருவி எட்டாத பிள்ளைகளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அது நியாயமான கவலை. எனினும் அதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இவ்வகைக் கருவிகளில் அறிவு மதகிலிருந்து திறந்துவிடப்படும் நீரைப்போல ஒரு திசையில்தான் பாய்கிறது. மாணவன் பார்க்கலாம், கேட்கலாம், நான்கு விடைகளில் ஒன்றைத் தொடலாம். "இது யார் சொன்னது? எதைக் கண்டு சொன்னார்?" என்று கேட்க அங்கே இடமில்லை. ஆசிரியரின் நிலையும் அதுவே. பிறர் ஆக்கியதைத் திறந்து காட்டுபவராகவும், 'எமிஸ்' தளத்தில் விவரங்களை நிரப்புபவராகவும் அவர் ஆகிப்போனார். அப்பதிவுப் பணியிலிருந்து தங்களை விடுவிக்குமாறு ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கோரிக்கை வைத்ததை நாம் அறிவோம். கற்பிப்பவரின் நேரத்தைத் தின்னும் கருவி, கல்விக் கருவியாகுமா என்பது ஆராயத்தக்கது.

பரப்பும் கருவிகள்

அரசு தந்த எந்தத் தளத்தைக் காட்டிலும் பள்ளிகளுக்குள் வேகமாக நுழைந்தது வாட்ஸ்அப் ஆகும். தலைமையாசிரியருக்கு ஒரு குழு, பாட ஆசிரியர்களுக்கு ஒரு குழு, பெற்றோருக்கு ஒரு குழு, முன்னாள் மாணவர்களுக்கு ஒரு குழு என்று அது கிளைத்துவிட்டது. சுற்றறிக்கையும் வினாத்தாளும் நொடியில் வந்து சேர்கின்றன. கூடவே, மூலம் தெரியாத வரலாறும் மருத்துவமும் நல்லுரைகளும் வந்து சேர்கின்றன. பெரியார், காமராசர், அப்துல் கலாம் என எவர் பெயரையும் எந்தக் கூற்றின் கீழும் எழுதிவிடலாம் என்றாகிவிட்டது. மார்க்கச் செய்திகளும் இதற்கு விலக்கல்ல என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதன் கேடு வெறும் பிழையோடு முடிவதன்று. 2018ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்போரைப் பற்றிய வதந்தி கைப்பேசி வழியே பரவி, தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் குற்றமற்றோர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, வேறிடத்திலிருந்து வந்த செய்தி என்பதைக் காட்டும் குறியும், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப இயலாத கட்டுப்பாடும் இந்தியாவில் கொண்டுவரப்பட்டன. இத்தொழில்நுட்பத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அதன் குறை விளங்கும். செய்தி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது முன்னவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. நமக்குத் தெரிவது கடைசியாக அனுப்பியவரின் பெயர் மட்டுமே. அவர் நம் மைத்துனராகவோ நம் பிள்ளையின் ஆசிரியராகவோ இருப்பதால் நாம் நம்பிவிடுகிறோம். அவருக்கோ, தாம் அனுப்பியதற்குத் தாம் பொறுப்பென்னும் எண்ணமே எழுவதில்லை.

அறிவு கைமாறும்போது கொடுத்தவரின் பெயர் உதிர்ந்துவிடக் கூடாது என்பதை நம் கல்வி மரபு நன்கு உணர்ந்திருந்தது. நபிமொழிக் கலையில் உரைக்கு முன்னே அறிவிப்பாளர் தொடர் வருகிறது. இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று தொடர் அறுபடாமல் சொல்லப்பட வேண்டும். அத்தொடரிலுள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றலும் நேர்மையும், அவர் தம் ஆசிரியரைச் சந்தித்திருக்கக் கூடுமா என்பதும் ஆராயப்பட்டன. அதற்கெனவே அறிவிப்பாளர் வரலாறு என்னும் தனிக்கலை எழுந்தது. மத்ரஸாவில் ஓதி முடித்தவர் பெறும் இஜாஸாவும், தம் உஸ்தாதின் பெயரையும் அவருடைய உஸ்தாதின் பெயரையும் தாங்கியே வந்தது. சொல்லப்பட்ட செய்தி எவ்வளவு அழகியதாயினும் தொடர் பழுதுபட்டால் அதன் தரம் தாழும். கைப்பேசிக் குழுக்களில் இன்று நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே உரை அழகாயிருந்தால் போதும். தொடரைக் கேட்பவர் குறும்புக்காரராகக் கருதப்படுகிறார்.

ஆக்கும் கருவி

மூன்றாவது வகைக்கு வருவோம். 2001 சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, 2003 செப்டம்பரில் தமிழிலும் கால்கொண்டது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் அமீரகத்தில் பணியாற்றியவாறே தொடக்க ஆண்டுகளில் அதைக் கட்டியெழுப்பினார். தமிழில் கலைக்களஞ்சிய முயற்சிக்கு நெடிய மரபு உண்டு. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இலும், சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இலும் வெளிவந்தன. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. நம் சமுதாயத்தில் தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார். இவையனைத்தும் அறிஞர் ஆக்க, பிறர் படிக்கும் நூல்கள். விக்கிப்பீடியாவின் புதுமை, படிப்பவரே ஆக்குபவராகவும் ஆகலாம் என்பதில் இருக்கிறது.

இவ்வாய்ப்பு தானே வந்துவிடவில்லை. தமிழ் எழுத்துகள் கணினியில் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குக் கட்டங்களாகத் தெரிந்த காலமொன்று இருந்தது. அந்தத் தடையை நீக்க உழைத்தவர்களுள் அதிராம்பட்டினம் உமர்தம்பியை நாம் மறக்கலாகாது. 1953இல் பிறந்து 2006இல் மறைந்த அவர், 'தேனீ' என்னும் ஒருங்குறி எழுத்துருவையும், பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளையும் ஆக்கி, விலையின்றி எவரும் பயன்படுத்துமாறு அளித்தார். அந்த எழுத்துருவின் பெயர் நம் தேனி நகரை நினைவூட்டுவது தற்செயலே. ஆனால் தேனி நகரிலிருந்தும் இத்துறையில் உழைப்பு நிகழ்ந்திருக்கிறது. 2006 முதல் 'முத்துக்கமலம்' இணைய இதழை நடத்திவரும் தேனி மு. சுப்பிரமணி, தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதியதோடு, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் 'தமிழ் விக்கிப்பீடியா' என்னும் நூலையும் 2010இல் வெளியிட்டார். சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ்வோருக்கே உரியது இணையம் என்னும் எண்ணத்தை மறுக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானது.

கல்வி நோக்கில் விக்கிப்பீடியாவின் சிறப்பு, அதிலுள்ள கட்டுரைகளின் எண்ணிக்கையில் இல்லை; அதன் பக்க அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. எந்தச் சொல்லை, எந்த நாளில், எந்தப் பயனர் சேர்த்தார் என்பது அங்கே அழியாமல் கிடக்கும். உரையாடல் பக்கம் ஒன்று உண்டு; கருத்து வேறுபட்டோர் அங்கே வழக்காடலாம். சான்றில்லாத கூற்றின் அருகே 'சான்று தேவை' என்று எவரும் குறியிடலாம். மேலே சொன்ன அறிவிப்பாளர் தொடருக்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. அங்கே சொன்னவரின் ஒழுக்கம் ஆராயப்பட்டது. இங்கே எழுதுபவர் புனைபெயருக்குள் மறைந்திருக்கலாம், அவர் காட்டும் அச்சுச் சான்றே ஆராயப்படுகிறது. ஆயினும் "யார் சொன்னது?" என்னும் வினாவைக் கருவியின் அமைப்புக்குள்ளேயே பதித்து வைத்திருப்பது இன்று பெருவழக்கிலுள்ள இணையக் கருவிகளுள் அரிது.

இரு முயற்சிகள், ஒரு படிப்பினை

2009 அளவில் கூகுள் நிறுவனம், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கையும் விரைவாக ஏறிற்று. ஆனால் தலைப்புகள் பல தமிழ் வாசகருக்கு நெருக்கமற்றவை. தொடர்கள் எந்திர நடையில் அமைந்தன. பிழையைச் சுட்டினால் விடையளிக்க ஆளில்லை. எழுதியவர் கட்டுரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் இக்குறைகளை விளக்கி ஆய்வுரை நிகழ்த்தினார். தன்னார்வலர்கள் ஒரு பெருநிறுவனத்தின் கொடையை, தரத்தின் பேரால் மறுத்து நின்றது தமிழ்க் கணிமை வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்வாகும். பின்னர் அம்முயற்சி நின்றுபோயிற்று.

இரண்டாவது முயற்சி 2017ஆம் ஆண்டினது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை, தமிழ் விக்கிப்பீடியர்களின் துணையுடன் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி அளித்தது. முதலில் சென்னையிலும் பின்னர் மாவட்டங்களிலும் பயிற்சிகள் நடந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. பாடம் நடத்துவோரே கலைக்களஞ்சியம் எழுத அமர்ந்தது, என் கருத்தில், இம்மாநிலத்தின் இணையக் கல்வி முயற்சிகளுள் தலைசிறந்தது. அதில் ஆசிரியர் பிறர் சரக்கைச் சுமப்பவராக இல்லை. தாம் எழுதியதற்குத் தாமே சான்று காட்ட வேண்டியவராக, பிழை சுட்டப்பட்டால் எல்லோரும் காண விடையளிக்க வேண்டியவராக ஆனார். மாணவனிடம் நாள்தோறும் விடை கேட்பவர், தாமும் விடை சொல்ல வேண்டிய இடத்தில் நின்றார்.

சிறந்தது என்பதனாலேயே அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ஓரிரு நாள் பயிற்சியில் தட்டச்சையும் தொகுத்தலையும் கற்பிக்கலாம். சான்றைத் தேடவும் எடைபோடவும் கற்பிக்க இயலாது. பாடநூலையோ வேறொரு தளத்தையோ அப்படியே படியெடுத்து இடுவது எழுத்தாகாது என்பதும் பதிப்புரிமைக்கு மாறானது என்பதும் ஒரே நாளில் பதிவதில்லை. பயிற்சி பெற்றோருள் தொடர்ந்து எழுதியோர் சிலரே. அச்சிலரின் உழைப்பு வீண்போகவில்லை. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே 2018இலும் 2019-20இலும் நடந்த வேங்கைத் திட்டக் கட்டுரைப் போட்டிகளில் தமிழ் முன்னணியில் நின்றதற்கு அவர்களும் காரணம். ஆனால் கல்வித் துறையின் பார்வையில் அது ஒரு நிகழ்ச்சியாக முடிந்ததேயன்றி ஒரு முறையாக வேரூன்றவில்லை. ஆசிரியரின் எழுத்து அவர் பணியின் பகுதியாகக் கணக்கிடப்படவில்லை. அதற்கென நேரம் ஒதுக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பயிற்சி ஆசிரியரோடு நின்றது. வகுப்பறைக்குள் மாணவனின் கைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் நாம் முதலீடு செய்ததெல்லாம் வழங்கும் கருவிகளில்தான்.

அச்சில் ஏறாத பள்ளத்தாக்கு

மாணவியின் கைக்கு வந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். தன் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு ஆசிரியர் பணிக்கிறார்; ஒவ்வொரு வரிக்கும் சான்று வேண்டும் என்கிறார். சின்னமனூர் மாணவிக்கு நற்பேறு உண்டு. அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அச்சாகியுள்ளன. அவற்றுள் பெரியது, மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் இருந்ததையும் பாண்டியரின் செயல்களாகக் கூறுவது. அதை நாடிச் செல்பவள் வேறொன்றையும் கற்பாள். செப்பேடு என்பது வெறும் புகழுரை அன்று. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்த ஆட்சியாண்டில் கொடுத்தார், எந்த எல்லைக்குள் கொடுத்தார் என்று வகுத்துரைக்கும் ஆவணம். "யார் சொன்னது?" என்னும் வினா அயலிலிருந்து வந்ததன்று, தன் ஊர் மண்ணுக்கடியில் கிடந்தது என்று அவள் உணர்வாள். பன்னீர்த் திராட்சையைப் பற்றி எழுதும் கம்பம் மாணவனுக்கும் சான்றுண்டு. 2023இல் கம்பம் திராட்சை புவிசார் குறியீடு பெற்றதற்கான ஆவணம் அரசிடம் இருக்கிறது.

ஆனால் தன் தெருவைப் பற்றி எழுத விரும்பும் ராவுத்தர் வீட்டுப் பெண் எங்கே போவாள்? குதிரை வணிகமும் படைத்தொழிலும் செய்த முன்னோர் இப்பள்ளத்தாக்கில் எப்போது குடியேறினர், பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, மலைத்தோட்டங்களோடு தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்பனவற்றுக்குப் பாட்டியிடம் விடை இருக்கிறது, அச்சில் இல்லை. விக்கிப்பீடியாவோ அச்சில் வந்த சான்றையே கேட்கும். சொந்த ஆய்வையும் வாய்மொழிச் செய்தியையும் அது ஏற்பதில்லை. அவ்விதி பொய்யைத் தடுக்க எழுந்தது. அதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் அச்சகங்கள் பெருகிய நாடுகளின் வரலாறு அங்கே நிறைவதற்கும், வாய்மொழியாய் வாழும் மக்களின் வரலாறு வெற்றிடமாய் நிற்பதற்கும் அதே விதிதான் காரணமாகிறது. 2011இல் அச்சல் பிரபலா முன்னின்று நடத்திய ஒரு முயற்சி இக்குறையை எடுத்துக்காட்டியது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடசோத்தோ ஆகிய மொழிகளில், சிற்றூர் விளையாட்டு, வழிபாடு போன்ற பொருள்கள் குறித்து ஊர் மக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே சான்றாகக் காட்டினர். அது பரந்த ஏற்பைப் பெறவில்லை. ஆயினும் அவ்வினா இன்றும் உயிருடன் இருக்கிறது.

இங்கே நம் மரபு ஒரு நுட்பத்தை நினைவூட்டுகிறது. வாய்மொழி என்பதற்காகவே ஒரு செய்தியை அறிஞர்கள் தள்ளிவிடவில்லை. அச்சில் இருப்பதற்காகவே நாம் ஒன்றை ஏற்றுவிடுவதும் முறையன்று. யாரிடம் கேட்டது, அவர் எங்கிருந்தார், அவர் அறிந்திருக்க வழியுண்டா என்று வரிசைப்படுத்தி எழுதினால் வாய்மொழியும் ஆராயத்தக்க சான்றாகும். பாட்டியின் சொல்லை, அவர் பெயருடனும் கேட்ட நாளுடனும், அவர் தம் மாமியாரிடம் கேட்டதா தாமே கண்டதா என்னும் குறிப்புடனும் எழுதக் கற்ற மாணவி, நாளை எந்தக் கைப்பேசிச் செய்தியையும் வெறுமனே நம்பமாட்டாள். அந்தப் பழக்கமே கல்வி. அவள் எழுதியது விக்கிப்பீடியாவில் ஏறுகிறதா என்பது அடுத்த வினா.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் இத்தேவை பன்மடங்காகிவிட்டது. கேட்ட நொடியில் திருத்தமான தமிழில் விடை வருகிறது. அது எத்தனையோ நூல்களிலிருந்து திரண்ட சாரம். ஆனால் எந்தத் துளி எந்த நூலினுடையது என்று சொல்ல இயலாத சாரம். சான்று கேட்டால் இல்லாத நூலின் பெயரையும் தயங்காமல் தருவதுண்டு. கைப்பேசிக் குழுவில் முன்னவரின் பெயர் உதிர்ந்தது. இங்கே சொன்னவர் என்று ஒருவரே இல்லாமற்போனார். இக்கருவிகளைத் தடைசெய்து பயனில்லை. விடை பெறுவது இவ்வளவு எளிதாகிவிட்ட நாளில், பெற்ற விடையைச் சோதிக்கும் திறனைத் தவிர வேறெதைக் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

செய்யத்தக்கவை

ஆகவே ஒரு கருவியை மதிப்பிட நாம் கேட்க வேண்டிய முதல் வினா, அது எத்தனை பேரை எட்டுகிறது என்பதன்று. அதைப் பயன்படுத்தும் மாணவனைச் சான்று கேட்பவனாகவும் சான்று காட்டுபவனாகவும் ஆக்குகிறதா என்பதே. இவ்வளவுகோலில் 2017இன் முயற்சி தேறுகிறது. அதனை மீண்டும் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஆண்டுக்கு ஒரே ஒரு கட்டுரையைத் தன் ஊரைப் பற்றி, ஒவ்வொரு வரிக்கும் சான்றுடன் எழுதட்டும். எண்ணிக்கையை இலக்காக வைக்க வேண்டாம். ஆசிரியருக்கு அதற்கென நேரம் ஒதுக்கப்பட்டால் போதும். உத்தமபாளையத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் கல்லூரியும் அடுத்தடுத்த தெருக்களைப் போல இணைந்து செயல்பட்டால், பள்ளிக்கு வேண்டிய வழிகாட்டிகள் அவ்வூரிலேயே கிடைப்பர்.

மற்றொரு கடமை நம்மைச் சார்ந்தது. ஜமாஅத்துகளின் பழைய நிக்காஹ் தப்தர்களும், பள்ளிவாசல் கணக்கேடுகளும், கபுருஸ்தானின் மீஸான் கற்களும், எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளும் நம் வரலாற்றின் சான்றுகள். அவை படியெடுக்கப்பட்டு, பட்டியலிடப்பட்டு, அச்சேறினாலன்றி நம் பிள்ளைகள் எந்தத் தளத்திலும் தம்மைப் பற்றிச் சான்றுடன் ஒரு வரி எழுத இயலாது. பிறர் நம்மைப் பற்றித் தவறாக எழுதும்போது மறுத்துரைக்கவும் இயலாது. உமர்தம்பி எழுத்துருவைத் தந்தார். எழுதும் இடமும் திறந்தே கிடக்கிறது. ஒவ்வோர் ஊரின் ஜமாஅத்தும் தன் தப்தரின் முதல் ஏட்டைத் தேடி எடுத்து, அதில் முதலாவதாகப் பதியப்பட்ட ஆண்டு எதுவென்று தன் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்வதிலிருந்து இப்பணி தொடங்கலாம்.